அம்பாசடருக்கு மைல்டு கேம் போட்டாச்சு, வால்வு ஸ்பிரிங் எது போடறது? கோளாறை வச்சுக் கண்டுபிடிக்கிற வழி

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இன்னும் வீட்டு ஷெட்டுல அம்பாசடரும் பத்மினியும் வச்சு ஆசையா ஓட்டறவங்க நெறைய பேர் இருக்காங்க. கொஞ்சம் இழுவை கூட வேணும், அதுக்காக இசுசு இன்ஜினோ டீசலோ தூக்கி வைக்க மனசில்லைன்னு, பழைய இன்ஜினையே வச்சுகிட்டு கேமை, அதாவது வால்வைத் தெறந்து மூட வைக்கிற தண்டை மட்டும், வால்வு கொஞ்சம் கூடத் தெறக்கற மாதிரி மைல்டா அடிச்சுப் (கிரைண்ட் பண்ணிப்) போடறாங்க. என்னைக் கேட்டா அது நெம்ப நல்ல முடிவுங்க. ஆனா கேம் வந்த கையோட "ஸ்பிரிங் என்ன போடறது"ன்னு கேள்வி வரும்போதுதான் தப்பு நடக்குது, கடைல இருக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங்கை எடுத்து மாட்டிப்போட்டு வந்துடறாங்க, அப்புறம் ஆறு மாசத்துல கேமே தேஞ்சு போயிடுது. இன்னும் சில பேரு பழைய ஸ்பிரிங்கையே மாட்டிட்டு "கேம் சரியில்லை, மேல போகவே மாட்டேங்குது"ன்னு கேம் அடிச்சுக் குடுத்தவரைத் திட்டறாங்க.

ஸ்பிரிங்ல கெட்டி, சாஃப்ட்டுன்னு கையில அமுக்கிப் பார்த்துச் சொல்றது எதுவும் கணக்குல சேராதுங்க. நாலு அளவு இருக்கு, அந்த நாலும் உங்க ஹெட்டுல இருந்து எடுத்ததா இருக்கணும். கீழ ஒவ்வொரு கோளாறா எழுதியிருக்கேன், எந்தக் கோளாறுக்கு எந்த அளவு தப்புன்னு பார்த்துக்கலாம். உதாரணத்துக்கு அம்பாசடரோட 1,489 சிசி பி சீரிஸ் இன்ஜினைத்தான் எடுத்துக்கறேன், 1,089 சிசி பத்மினியும் புஷ்ராடு இன்ஜின்தான் (கேம் கீழ இருந்து டேப்பெட், புஷ்ராடுங்கற கம்பி, ராக்கர் வழியா மேல இருக்கற வால்வை அமுக்கற இன்ஜின்), அளவு மாறும், முறை மாறாது.

மொதல்ல அந்த நாலு அளவு

ஒண்ணு, ஸ்பிரிங் ஹெட்டுல உக்காந்திருக்கிற உயரம். வால்வை சீட்டுல வச்சு, ஸ்பிரிங் இல்லாம மேல் கப்பையும் (ஸ்பிரிங் தலையைப் பிடிக்கற மூடி) அதை வால்வு தண்டுல பூட்டற லாக்கையும் மட்டும் மாட்டி, கப்பை நல்லா மேல இழுத்துப் பிடிச்சுகிட்டு, கப்போட அடிப்பக்கத்துல இருந்து ஹெட்டுல ஸ்பிரிங் உக்கார்ற இடம் வரைக்கும் வெர்னியர்ல அளக்கணும். எட்டு வால்வுக்கும் தனித்தனியா அளந்து எழுதி வைங்க, எட்டும் ஒண்ணா இருக்காது, அதுதான் இதுல முக்கியமே.

ரெண்டு, வால்வு நெசமா எவ்வளவு தெறக்குதுங்கறது. கேம் லோபோட (கேம்ல இருக்கற மேட்டோட) உயரத்தை ராக்கர் விகிதத்தால (ராக்கர் ஒரு பக்கத்து அசைவை மறுபக்கம் எத்தனை மடங்காக்குதோ அது) பெருக்கி, டேப்பெட் கேப்பை (ராக்கர் நுனிக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல விடற இடைவெளி) கழிச்சா வர்றதுதான் வால்வு லிஃப்ட். காகிதத்துல போட்டுப் பார்த்தாலும் கடைசில டயல் கேஜ் வச்சு இன்ஜினைக் கையால சுத்தித்தான் முடிவு பண்ணணும், ஏன்னா பழைய ராக்கர், பழைய ஷாஃப்ட்டுல தேய்மானம் இருக்கும், காகிதத்துல வந்தது நேர்ல வராது.

மூணு, ஸ்பிரிங் முழுசா அமுங்கி கம்பியோட கம்பி ஒட்டிக்கற உயரம். வைஸ்ல வச்சு அமுக்கி அளந்தா போதும். டபுள் ஸ்பிரிங்கா இருந்தா உள்ள இருக்கறதையும் தனியா அளக்கணும், மேல் கப்புல உள் ஸ்பிரிங்குக்குன்னு படி இருக்கும், அந்தப் படியையும் கணக்குல சேர்த்துக்கணும்.

நாலு, அந்த உயரங்கள்ல ஸ்பிரிங் எத்தனை கிலோ தள்ளுதுங்கறது. இதுக்கு ஸ்பிரிங் டெஸ்டர் வாங்கணும்னு அவசியமில்லீங்க. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு லேத்து பட்டறை இருக்கு, கணபதி, பீளமேடு பக்கம் எந்தப் பட்டறைல கேட்டாலும் டேபிள் டிரில் மெஷின் இருக்கும். மண்டில காய் எடை போடற மாதிரி ஒரு எலக்ட்ரானிக் தராசை அந்த டேபிள் மேல வச்சு, அது மேல ஒரு தடியான தகடு, அதுக்கு மேல ஸ்பிரிங். டிரில் சக்குல மொட்டைக் கம்பி ஒண்ணு மாட்டி, ஸ்பிரிங் தலைல இன்னொரு தகடு வச்சு, வேண்டிய உயரம் வர்ற வரைக்கும் கைப்பிடியை இறக்கி, தராசுல கிலோவைப் படிங்க. தராசு குறைஞ்சது 100 கிலோ தாங்கறதா இருக்கணும். ஸ்பிரிங் வழுக்கித் தெறிச்சா கண்ணு போயிடும், அதனால நடுவுல ஒரு போல்ட்டு வழிகாட்டியா நிக்கற மாதிரி பண்ணிக்குங்க, கண்ணாடியும் போட்டுக்குங்க. மெஷின் ஒயரை பிளக்குல இருந்தே கழட்டிடுங்க.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், நம்பர் வெறும் உதாரணத்துக்குத்தான். உக்கார்ற உயரம் 38 எம்எம், அங்க 32 கிலோ தள்ளுது, ஒவ்வொரு எம்எம் அமுங்கும்போதும் 3.2 கிலோ கூடுதுன்னு வைங்க. வால்வு 9 எம்எம் தெறந்தா உயரம் 29 ஆகும், அழுத்தம் 32-ஓட 28.8 சேர்ந்து 60.8 கிலோ. ஸ்பிரிங் முழுசா ஒட்டற உயரம் 26.5-ன்னா இன்னும் 2.5 எம்எம் இடம் பாக்கி இருக்கு, நல்லது. அதே ஸ்பிரிங்கை 10.5 எம்எம் தெறக்கற கேமுக்குப் போட்டா உயரம் 27.5 வரும், பாக்கி 1 எம்எம்தான், இது ஆகாது. குறைஞ்சது 1.5 எம்எம் பாக்கி இல்லாம நான் ஹெட்டை மூட விடமாட்டேன்.

ரோட்டுல ஓட்டற அம்பாசடருக்கு, மைல்டு கேமோட, வால்வு மூடியிருக்கும்போது 30-லிருந்து 40 கிலோ, முழுசா தெறந்தப்ப 60-லிருந்து 75 கிலோ, இந்த வட்டத்துக்குள்ள இருந்தா போதுமுங்க. கேம் அடிச்சுக் குடுத்தவர் ஒரு அளவு சொல்லியிருந்தா அதுக்குத்தான் மொத மரியாதை, அவருக்குத்தான் லோபோட வளைவு தெரியும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ஓடற வண்டிக்கு என்ன ஸ்பிரிங் போடறாங்கன்னு பார்த்து அதைக் கொண்டுவந்து வீட்டு வண்டிக்கு மாட்டாதீங்க. அங்க இன்ஜினை அடிக்கடி பிரிச்சுப் பார்ப்பாங்க, ஸ்பிரிங்கும் கேமும் தேயற சாமானா நெனச்சு மாத்திகிட்டே இருப்பாங்க. நம்ம வண்டி கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மலைக்கும் போயிட்டு வரணும். அதோட பி சீரிஸ் 1,489-ல கிராங்குக்கு மூணே மெயின் பேரிங்தான், கம்பெனில இருந்து வரும்போதே அதோட உச்ச பவர் 4,200 ஆர்பிஎம் பக்கத்துல முடிஞ்சுடும். மைல்டு கேம் அதை 5,000 சுத்துவட்டாரத்துக்குக் கொண்டு போகும், அவ்வளவுதான். 7,000-க்குத் தாங்கற ஸ்பிரிங்கை மாட்டினா கீழ இருக்கற கிராங்க் 7,000 சுத்தப் போறதில்லை, கேம் மட்டும்தான் அந்தச் சுமையை ராத்திரி பகலா சுமக்கும்.

"மூணாவது கியர்ல நல்லா ஏறுது, ஒரு இடத்துல செவுத்துல முட்டின மாதிரி நின்னுக்குது"

இதுதான் நெறைய பேர் சொல்ற புகார். 4,500 பக்கம் வந்ததும் பட்பட்டுனு வெடிக்குது, மிஸ்ஸிங் வருது, மேல போகவே மாட்டேங்குது. உடனே ஸ்பிரிங்னு முடிவு பண்ணிடாதீங்க, மூணு சந்தேக ஆளுங்க இருக்காங்க: பெட்ரோல் பத்தாம போறது, டிஸ்ட்ரிபியூட்டர்ல தீப்பொறிக்குக் கரண்டை வெட்டற சிபி பாயிண்ட் தாவறது, அப்புறம்தான் வால்வு ஃப்ளோட், அதாவது கேம் இறங்கற வேகத்துக்கு ஸ்பிரிங்னால வால்வைத் திருப்பிக் கொண்டுவர முடியாம வால்வு அந்தரத்துல நிக்கறது.

பிரிச்சுப் பார்க்கறது இப்படி. வண்டியை நிறுத்தி நியூட்ரல்ல மெதுவா ஏத்துங்க. சுமையே இல்லாம, அதே ஆர்பிஎம்ல, அதே மாதிரி முட்டினா பெட்ரோல் மேல சந்தேகம் குறைஞ்சுடும், ஏன்னா பெட்ரோல் பத்தாத கோளாறு மேட்டுல, டாப் கியர்ல, நீளமா மிதிச்சு ஏறும்போதுதான் வரும், மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு தாண்டி குன்னூர் ரோட்டுல ஏறும்போது வந்து, சமதரைல வராது. ஏசி பம்ப்பு (பெட்ரோல் பம்ப்பு), கார்பரேட்டர் ஃப்ளோட் லெவல், டேங்க் பைப்பு, இதெல்லாம் அந்தப் பக்கம். பாயிண்ட் கோளாறுன்னா டைமிங் லைட் அடிச்சுப் பாருங்க, ஆர்பிஎம் ஏற ஏற குறி ஒரு இடத்துல நிக்காம சிதறும். பாயிண்டோட ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலும் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேஞ்சிருந்தாலும் இது வரும், புது பாயிண்ட் போட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். வால்வு ஃப்ளோட்னா எந்த கியர்ல இருந்தாலும், பாதி மிதிச்சாலும் முழுசா மிதிச்சாலும், முட்டற ஆர்பிஎம் ஒண்ணாத்தான் இருக்கும், கூடவே மேல ஒரு கரகரன்னு சத்தம் சேரும், ஆர்பிஎம் கொஞ்சம் கீழ வந்ததும் எல்லாம் சரியாப் போயிடும். வேக்வம் கேஜ் இருந்தா இன்னும் சுலபம், ஸ்பிரிங் தளர்ந்திருந்தா ஐடிலிங்ல முள்ளு அமைதியா இருக்கும், ஏத்த ஏத்த முள்ளு தாறுமாறா ஆடும். ஃப்ளோட்டுன்னு தெரிஞ்சப்புறம் சும்மா சும்மா அந்த ஆர்பிஎம்க்கு ஏத்திப் பார்க்காதீங்க, அந்தரத்துல நிக்கற வால்வு எங்க அடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

செரி, ஃப்ளோட்டேதான்னு வைங்க. இதுக்கு உடனே கெட்டி ஸ்பிரிங் தேடாதீங்க. பாதி நேரம் ஸ்பிரிங் மேல தப்பு இருக்காது, உயரம் தப்பா இருக்கும். பழைய ஹெட்டுகளைப் பாருங்க, எத்தனை தடவை சீட் கட்டிங் பண்ணியிருப்பாங்க, ஒவ்வொரு தடவை சீட்டை வெட்டும்போதும் வால்வு ஹெட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா புதையும், அந்த அளவுக்கு வால்வோட தண்டு மேல ஏறும், கப்பும் கூடவே ஏறும், ஸ்பிரிங் நீண்டு உக்காரும். மேல சொன்ன கணக்குல 1 எம்எம் புதைஞ்சா உயரம் 39, அழுத்தம் 32-லிருந்து 28.8-க்கு இறங்கிடுச்சு. கேம் புதுசு, ஸ்பிரிங் புதுசு, ஆனா வேலை பழைய ஸ்பிரிங் செய்யற வேலை. பொள்ளாச்சிக்காரர் ஒருத்தரோட மார்க் 2 அம்பாசடர், ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசியும் ஏறற வண்டி, ரெண்டு செட் ஸ்பிரிங் மாத்தியும் 4,600-ல முட்டிட்டே இருந்துச்சு. பிரிச்சு அளந்தா எக்ஸாஸ்ட் நாலுலயும் உயரம் ஒண்ணரை எம்எம் கூட இருந்துச்சு. ஸ்பிரிங்குக்கு அடில சிம் (தகடு வளையம்) வச்சு உயரத்தை ஒண்ணா கொண்டு வந்ததும் அதே ஸ்பிரிங்லயே சரியாப் போச்சு.

சிம்முன்னா கண்ட வாஷரை வைக்கக்கூடாதுங்க. ஹார்டன் பண்ணி, ரெண்டு பக்கமும் கிரைண்ட் பண்ணின சிம் வேணும், சாதா வாஷர் குழிஞ்சு போயிடும். அப்புறம் 1 எம்எம் சிம் வச்சா முழுசா ஒட்டற பாக்கியிலயும் 1 எம்எம் போயிடும்ங்கறதை மறக்காதீங்க, சிம் வச்சதும் பாக்கியைத் திரும்பக் கணக்குப் போடணும்.

உயரம் சரியா இருந்தும் கிலோ குறைஞ்சா ஸ்பிரிங் களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். புது ஸ்பிரிங்கோட அளவுல பத்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சா தூக்கிப் போடுங்க. உக்கடத்துல பழைய சாமான்ல கிடைக்கற ஹெட்டுல இருந்து ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துட்டு வராதீங்க, வேற எது வேணா பழசுல வாங்கலாம், ஸ்பிரிங் மட்டும் வேண்டாம்.

உயரமும் சரி, கிலோவும் வட்டத்துக்குள்ள, இருந்தும் நீங்க எதிர்பார்த்த ஆர்பிஎம்க்கு முன்னாடியே ஃப்ளோட் ஆகுதா? அப்பத்தான் ஒரு படி கூடின ஸ்பிரிங். அதுவும் எதுக்குன்னா, வால்வு, கப்பு, புஷ்ராடு இதெல்லாம் வேகமா ஆடும்போது வர்ற விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும். 4,500-ல இருந்து 5,500-க்குப் போனா ஆயிரம்தானேன்னு தோணும், ஆனா அந்த விசை கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஆயிடும். அதனாலதான் உங்களுக்கு எந்த ஆர்பிஎம் வரைக்கும் வேணும்னு மொதல்ல முடிவு பண்ணச் சொல்றேன். 5,200 போதும்ங்கறவருக்கும் 6,000 வேணும்ங்கறவருக்கும் ஒரே ஸ்பிரிங் கெடையாது, முதல் ஆளுக்கு டபுள் ஸ்பிரிங்ல லேசானதே போதும்.

"டேப்பெட் கேப் செட் பண்ணின ரெண்டே வாரத்துல சத்தம் வந்துடுது, கேப் கூடிகிட்டே போகுது"

இது கேட்டா எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும். கேப் கூடுதுன்னா எங்கயோ இரும்பு தேயுது. ஒண்ணு ராக்கர் நுனி, இல்ல புஷ்ராடு முனை, இல்ல கேம் லோபும் டேப்பெட் அடியும். மொத ரெண்டும் மெதுவாத் தேயும், ரெண்டு வாரத்துல தேயறது கேம்தான். எந்த வால்வுல கேப் கூடுதோ அதுல டயல் கேஜ் வச்சு லிஃப்ட்டை அளங்க, பக்கத்து வால்வோட ஒப்பிடுங்க. லிஃப்ட் கம்மியா இருந்தா முடிஞ்சது, அந்த லோபு போயிட்டு இருக்கு. வண்டியை அப்படியே நிறுத்துங்க, ஏன்னா தேஞ்ச இரும்பெல்லாம் ஆயில்ல கலந்து பேரிங்குக்குப் போகுது.

பி சீரிஸ்ல ஒரு நல்ல விஷயம், பக்கவாட்டுல டேப்பெட் கவர் ரெண்டு இருக்கு, ராக்கரைக் கழட்டி புஷ்ராடை உருவிட்டா அந்த வழியா டேப்பெட்டை வெளிய எடுத்துப் பார்க்கலாம். அடிப்பாகம் லேசா குமிழா, சுத்தின தடம் வட்ட வட்டமா இருந்தா நல்லது. ஒரே கோட்டுல தடம் இருந்தாலோ, குழிஞ்சிருந்தாலோ டேப்பெட் சுத்தாம நின்னு அரைச்சிருக்கு. ராக்கர் ஷாஃப்டைக் கழட்டும்போது மட்டும் ஜாக்கிரதை, அதைப் பிடிச்சிருக்கற நட்டுகள்ல நாலு நட்டு ஹெட்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. ரேடியேட்டர் தண்ணியை இறக்கிட்டு, ஹெட் நட்டு எல்லாத்தையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திட்டுத்தான் கழட்டணும், இல்லைன்னா ஹெட் வளையும், கேஸ்கெட் போகும்.

காரணம் மூணு. ஸ்பிரிங் தேவைக்கு மேல கெட்டி, அது ஒண்ணு. முழு லிஃப்ட்டுல 90 கிலோவைத் தாண்டின ஸ்பிரிங்கை மைல்டு கேமுக்கு மாட்டியிருந்தா வேற காரணம் தேடவே வேண்டாம். ரெண்டாவது, புது கேமுக்கு பழைய டேப்பெட் போட்டது. பழைய டேப்பெட் பழைய லோபுக்குத் தேஞ்சு பழகினது, புது லோபோட சேராது, கேம் அடிச்சா டேப்பெட்டும் புதுசு இல்லைன்னா அடியை ரீகிரைண்ட் பண்ணினது, இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. மூணாவது ஆயில். இந்த மாதிரி தட்டை டேப்பெட் இன்ஜினுக்கு ஆயில்ல துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்து வேணும். இப்ப வர்ற புது பெட்ரோல் காருக்கான மெல்லிசு ஆயில்கள்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாத்தறதுக்காக அதைக் குறைச்சுட்டாங்க. "விலை அதிகம், அதனால நல்ல ஆயில்"னு அதை வாங்கி அம்பாசடர்ல ஊத்தாதீங்க. 20டபிள்யூ-50 மினரல் ஆயில்ல பழைய இன்ஜினுக்குன்னே வர்றது, இல்லைன்னா 15டபிள்யூ-40 டீசல் ஆயில்ல சிஐ-4 தரம், இதுல அந்த மருந்து தாராளமா இருக்கும்.

புது கேமோட மொத ஸ்டார்ட்டு நெம்ப முக்கியம். லோபுலயும் டேப்பெட் அடிலயும் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த வழுவழுப்புப் பசை) தடவி, டைமிங், கார்பரேட்டர் எல்லாம் முன்னாடியே செட் பண்ணி, பெட்ரோல் ஏறி, ஒரே சுத்துல பிடிக்கற மாதிரி வச்சுகிட்டு, பிடிச்ச உடனே 2,000-லிருந்து 2,500-க்கு ஏத்தி 20 நிமிஷம் அங்கயே வச்சிருக்கணும், கொஞ்சம் ஏத்தி இறக்கிகிட்டே இருக்கலாம், ஐடிலிங்குக்கு மட்டும் விடக்கூடாது. லோபுக்கு ஆயில் கிராங்க் சுத்தி வீசறதுலதான் நெறைய போகுது, ஐடிலிங்ல அது பத்தாது. டபுள் ஸ்பிரிங்கா இருந்தா அந்த 20 நிமிஷத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு வெளி ஸ்பிரிங் மட்டும் வச்சு ஓட்டி, அப்புறம் மாட்டிக்கலாம். வேலை ரெட்டிப்புதான், செஞ்சா கேமுக்கு நல்லது. ஹெட்டைக் கழட்டாம ஸ்பிரிங் மாட்டறதுக்கு நம்ம ஊர் பருத்திக் கயிறு போதுமுங்க. பிஸ்டன் மேல வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, வால்வு ரெண்டும் மூடியிருக்கற நேரத்துல நிறுத்தி, பிளக் ஓட்டை வழியா கயிறை உள்ள விட்டு, ஒரு நுனியை வெளிய வச்சுகிட்டு, கையால சுத்தி பிஸ்டனை இறுக்கினா வால்வு கீழ விழாது.

"கேப் குறைஞ்சுகிட்டே போகுது"

இது மேல சொன்னதுக்கு நேர் எதிர், சத்தமே வராது, அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. எக்ஸாஸ்ட் வால்வுலதான் பெரும்பாலும். கேப் குறையுதுன்னா வால்வு சீட்டுக்குள்ள இறங்கிட்டு இருக்கு. நாடு முழுக்க 2000-லயே ஈயம் கலந்த பெட்ரோல் நின்னு போச்சு, அந்த ஈயம்தான் பழைய வார்ப்பு இரும்பு சீட்டுக்கு மெத்தை மாதிரி இருந்துச்சு. இப்ப அது இல்லை, அதோட நீங்க கெட்டி ஸ்பிரிங் வேற போட்டு வால்வை சீட்டுல ஓங்கி அடிக்க விட்டா சீட் இன்னும் வேகமா இறங்கும். கேப் முழுசா போனா வால்வு மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு எரிஞ்சு ஓரம் கடிச்ச மாதிரி ஆயிடும்.

ஸ்பிரிங்கை மாத்தறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்டுக்கு ஹார்டு சீட் இன்செர்ட் போடுங்க, ஹெட் வேலை பார்க்கற பட்டறைல சொன்னா போட்டுக் குடுத்துடுவாங்க. போட்டதும் உக்கார்ற உயரம் மாறியிருக்கும், திரும்ப அளக்கணும். கேப் செட் பண்ண ஒன்பது கணக்கு தெரிஞ்சவங்க அதையே வச்சுக்கலாம், கேம் மாத்தினாலும் அது மாறாது: எட்டாவது வால்வு முழுசா தெறந்திருந்தா ஒண்ணாவதை செட் பண்ணு, ஏழு தெறந்திருந்தா ரெண்டு, கூட்டினா ஒன்பது வரணும். ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) அளவு மட்டும் பழைய அளவு வேண்டாம், கேம்காரர் சொன்ன அளவு.

"புஷ்ராடு வளைஞ்சு போச்சு"

மாட்டி, கையால சுத்தும்போதே ஒரு இடத்துல கனமா இருந்துச்சா? அப்பவே நிறுத்தியிருக்கணும். ஸ்டார்ட்டர்ல சுத்தினா இன்ஜின் கேட்காது, புஷ்ராடை வளைச்சுட்டுத்தான் சுத்தும். மூணு இடம் பாருங்க. ஸ்பிரிங் கம்பியோட கம்பி ஒட்டியிருக்கா, முழு லிஃப்ட்டுல சுருளுக்கு நடுவுல ஃபில்லர் கேஜ் போகுதான்னு பார்த்தாலே தெரியும், எல்லா இடைவெளியும் சேர்த்து அந்த 1.5 எம்எம் வரணும். அடுத்து மேல் கப்போட அடி வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கற குழல்) தலையை முட்டுதா, புது கைடு போட்டவங்க அதைக் கொஞ்சம் உசத்தி அடிச்சிருந்தா இது நடக்கும், அங்கயும் 1.5 எம்எம் இருக்கணும், இல்லைன்னா கைடு தலையை லேத்துல இறக்கணும். கடைசியா வால்வு பிஸ்டனை முட்டுதா. ஹெட் ஃபேசிங் பல தடவை பண்ணின வண்டில இதைப் பார்க்காம மூடவே கூடாது. குழந்தைங்க விளையாடற களிமண்ணை பிஸ்டன் மேல வச்சு, ஹெட்டை பழைய கேஸ்கெட்டோட மாட்டி, ரெண்டு சுத்து கையால சுத்தி, கழட்டி, களிமண்ணை வெட்டி அளந்தா மெல்லிசான இடம் எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். இன்லெட்ல 1.5, எக்ஸாஸ்ட்ல 2 எம்எம்க்கு கீழ இருந்தா ஓட்டாதீங்க.

ஒரு குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடறேன். நம்ம ஊர்ல கேம் பெரும்பாலும் பழைய கேமையே ரீகிரைண்ட் பண்றதுதான், அதனால லோபோட அடி வட்டம் சின்னதாகும், ராக்கர் அட்ஜஸ்டர் ஸ்குரூவைக் கீழ நெறைய இறக்க வேண்டி வரும். இதனால ஸ்பிரிங் உயரம் மாறிடுச்சுன்னு நெனச்சு சிம்மைக் கூட்டிக் குறைச்சு விளையாடறாங்க. மாறாதுங்க. மூடியிருக்கும்போது ஸ்பிரிங் உயரத்தைத் தீர்மானிக்கறது வால்வு சீட்டுதான், கேம் இல்லை. அட்ஜஸ்டர் நெறைய இறங்கிட்டா அதுக்கு வேண்டியது நீளமான புஷ்ராடு.

"ஐடிலிங் நடுங்குது"

மைல்டு கேமுக்கு லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும், 800-ல நின்ன வண்டியை 900-ல வச்சுக்குங்க. ஸ்பிரிங்குக்கும் இந்த லேசான ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரே சிலிண்டர்ல மட்டும் விட்டு விட்டு மிஸ்ஸிங் வந்தா கம்ப்ரஷன் பாருங்க, அந்த சிலிண்டரோட கேப் பாருங்க, ராக்கர் கவரைத் தெறந்து உடைஞ்ச ஸ்பிரிங் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

"ஸ்பிரிங் உடைஞ்சு போச்சு"

ஒண்ணு உடைஞ்சா எட்டையும் மாத்தணும், இதுல ரெண்டாவது பேச்சே இல்லை. உடைஞ்ச முகத்தைப் பாருங்க, ஓரத்துல ஒரு சின்ன துருப் புள்ளில இருந்து விரிசல் ஆரம்பிச்சிருக்கும். மழைக்காலத்துல ஷெட்டுல மாசக்கணக்கா நின்ன வண்டிக்கு ராக்கர் கவருக்குள்ள வேர்த்து துரு பிடிக்கும், அந்தப் புள்ளி போதும். புது ஸ்பிரிங்கைக் கையாளும்போதும் வைஸ்லயோ பிளையர்லயோ கம்பியைக் கீறாதீங்க.

துரு இல்லாம உடைஞ்சா சர்ஜ் ஆகியிருக்கலாம், அதாவது குறிப்பிட்ட ஆர்பிஎம்ல ஸ்பிரிங்கோட சுருள்கள் தனக்குத்தானே அலை அலையா ஆட ஆரம்பிக்கும். டபுள் ஸ்பிரிங் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம், ரெண்டும் வேற வேற அதிர்வுல ஆடறதால ஒண்ணை ஒண்ணு அடக்கும். ரெண்டும் எதிரெதிர் திசைல சுத்தினதா இருக்கணும், ஒரே திசைல இருந்தா ஒண்ணு உடையும்போது இன்னொண்ணுக்குள்ள சொருகிக்கும். வேற வேற கடைல உள் ஸ்பிரிங், வெளி ஸ்பிரிங்னு தனித்தனியா வாங்கி ஜோடி சேர்க்கறவங்க இதைக் கட்டாயம் பாருங்க. அதே பி சீரிஸ் குடும்பத்துல இருந்த எம்ஜிபி காருக்கு வர்ற டபுள் ஸ்பிரிங் செட்டை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கறவங்களும் இருக்காங்க, நல்ல சாமான்தான், ஆனா அதோட கப்பும் அடி வளையமும் சேர்ந்து செட்டாவே வாங்குங்க, வந்ததும் அந்த நாலு அளவையும் உங்க ஹெட்டுல வச்சுப் பார்க்காம மாட்டாதீங்க.

வாங்கின எட்டையும் சமதளத்துல நிறுத்தி மூலைமட்டம் வச்சுப் பாருங்க, தலைப்பக்கம் ஒண்ணரை எம்எம்க்கு மேல சாஞ்சு நின்னா அது கைடை ஒரு பக்கமா தள்ளித் தேய்க்கும், திருப்பிக் குடுத்துடுங்க.

"ஸ்பிரிங் மாத்தினதுக்கப்புறம் காலைல ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை"

ஸ்பிரிங் மேல தப்பில்லைங்க, மாத்தும்போது வால்வு தண்டுல இருக்கற சின்ன ரப்பர் சீலை பழசையே போட்டிருப்பாங்க, இல்லைன்னா லாக் மாட்டும்போது அது கிழிஞ்சிருக்கும். கப்பை அமுக்கிட்டு, சீலை ஆயில்ல நனைச்சு, தண்டுல இருக்கற காடிக்குள்ள நேரா உக்கார வச்சு, அப்புறம் லாக்கைப் போடணும். புது சீல் போட்டும் புகை நிக்கலைன்னா வால்வைப் பாதி இறக்கி வச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா கைடு மாத்தற வேலை. கைடு மாத்தினா சீட்டை அதோட நேர்க்கோட்டுல திரும்ப வெட்டணும், சீட்டை வெட்டினா உயரம் மாறும், அதனால வெர்னியரை உள்ள வச்சுடாதீங்க.